நர்சம்மா பதில்கள்: தீவுக்குப் போகத் துடிக்கும் மகன்

போன இதழில் மலேரியாவைப் பற்றி எழுதும்போது, 1979 முதல் 1983 வரை நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கார் நிக்கோபாரில் நர்ஸாக இருந்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே ஒரு துணிப்பை நிறைய இருக்கின்றன. மூட்டுவலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதம் முழுக்கத் தீவுதான்.

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான். வெளியுலகமே தெரியாத தீவு மக்களிடம் மிஷனரியாகப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். 2018-ல் அந்தமானின் சென்டினல் தீவில் இறந்துபோன அமெரிக்கப் பையனின் கதையைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நான் தடுப்பதா, விடுவதா?
(வாசகி, நெல்லிக்குப்பம்)

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மா கடலூர் ஓ.டி. ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் கண்முன் வந்தது. எனக்கு அப்போது 24 வயது. கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வேதாகமம், பழைய புடவையில் சுற்றிய எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. நான் மிஷனரியாகப் போகவில்லை, அரசாங்க வேலைக்குத்தான் போனேன். ஆனால் மனசுக்குள் உங்கள் மகனைப் போலத்தான் இருந்தேன். என்னவோ கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்பு நெஞ்சு முட்ட இருந்தது.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். வடக்கு சென்டினல் தீவுக்கு உங்கள் மகன் போக முடியாது. அவன் மட்டுமில்லை, யாருமே போகக்கூடாது. 1956-ல் கொண்டுவந்த பழங்குடிப் பாதுகாப்பு விதிமுறை இருக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் படகு நெருங்கினாலே குற்றம். ஜான் ஆலன் சாவ் என்ற அந்தப் பிள்ளைக்கு 26 வயது. மீனவர்களுக்குப் பணம் கொடுத்து ராத்திரியில் கொண்டுபோய் விடச் சொன்னான். மீன், கத்தரிக்கோல், ஒரு கால்பந்து எல்லாம் எடுத்துப் போனான். அம்பு வந்தது, திரும்பி வந்தான், மறுபடியும் போனான். அவன் உடலை மணலில் இழுத்துப் போனதை அந்த மீனவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். உடல் இன்றுவரை வீடு போய்ச் சேரவில்லை. கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். அவர்கள் வீடுகளிலும் பெண்டு பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அதை யாரும் பேசுவதில்லை.

அந்தப் பிள்ளையின் விசுவாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 34 வருடம் வார்டில் நின்றவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குச் சாதாரணச் சளி என்பது, அதைப் பார்த்தே இராத உடம்புக்கு எமன். 1877-ல் அந்தமானில் தட்டம்மை பரவியது. பெரிய அந்தமானியர் என்று சொல்லப்படும் கூட்டத்தார் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1880-ல் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி சென்டினல் தீவில் இறங்கி, ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்துவந்தார். வந்ததுமே எல்லாருக்கும் நோய். பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு கரையில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பிஞ்சுகள் என்ன கிருமியை ஊருக்குள் எடுத்துப் போயினவோ, அதற்குப் பிறகு அந்தத் தீவில் எத்தனை சாவு விழுந்ததோ, கணக்கு வைக்க ஆளில்லை. அவர்கள் அம்பை எடுப்பதைக் காட்டுமிராண்டித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வராதே என்று சொல்கிறார்கள். சொல்ல அவர்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

இனி உங்கள் மகன். நான் பட்டதைச் சொல்கிறேன், அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு மூன்று நாள் கப்பல். அங்கிருந்து ராத்திரிக் கப்பலில் ஏறினால் விடிகிற நேரத்துக்குக் கார் நிக்கோபார். தட்டு மாதிரித் தட்டையான தீவு, சுற்றிலும் தென்னை. மூஸ் என்ற ஊருக்கு எதிரே கப்பல் நின்றது, சின்னப் படகில் இறக்கினார்கள். அலை தூக்கும் நேரம் பார்த்துக் குதிக்க வேண்டும். நான் குதிக்கத் தெரியாமல் நின்றேன். கரையிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்த ஒரு பெண், ஒரு வார்த்தை பேசாமல் என்னை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிப் போய் மணலில் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். கொடுக்கப் போனவளை அவர்கள்தான் தூக்கிக் கரை சேர்த்தார்கள்.

முதல் ஆறு மாதம் நான் ஊமை. இளைஞர்கள் இந்தியும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவார்கள், பிரசவத்துக்கு வரும் பெண்களும் கிழவிகளும் அவர்கள் மொழிதான். அது நம் மொழிகளோடு ஒட்டாத மொழி. பர்மா, கம்போடியா பக்கத்து மொழிகளுக்கு உறவு என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ‘எங்கே வலிக்கிறது’, ‘எத்தனை நாளாக’, ‘மூச்சை இழு’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தேன். தமிழ் எழுத்தில் அடங்காத ஓசைகள். நான் வாயைத் திறந்தாலே வார்டு முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் என்னைச் சேர்த்துக்கொண்டது.

பெரிய தப்பும் செய்தேன். ஒரு குழந்தை ஜன்னி கண்டு இறந்துபோனது. பத்து நாள் கழித்து அதன் பாட்டியைச் சந்தையில் பார்த்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துக் குழந்தையின் பெயரைச் சொன்னேன். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். இறந்தவர் பெயரை உச்சரிக்கக்கூடாது என்பது அவர்கள் பழைய வழக்கம். கிறிஸ்தவக் கோயிலுக்கு வருகிற வயதானவர்களில்கூடச் சிலர் அதை விடவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் அந்தப் பாட்டி என் கண்ணில் படவே இல்லை. பிறகு எனக்கே மலேரியா வந்து குளோரோகுவின் விழுங்கிக்கொண்டு நடுங்கிக் கிடந்தபோது, இரண்டு இளநீரோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள்தான். அன்றைக்கு நான் எந்த ஆறுதல் வார்த்தையும் சொல்லிப் பார்க்கவில்லை.

ஆகவே அம்மா, தடுக்காதீர்கள். ஆனால் உடனே போகவும் விடாதீர்கள். முதலில் கைத்தொழில் ஒன்று கற்கட்டும். நர்சிங்கோ, எலெக்ட்ரீஷியன் வேலையோ, படகு எஞ்சின் ரிப்பேரோ எதுவாக இருந்தாலும் சரி. நிக்கோபாருக்குப் போகப் பழங்குடிப் பகுதி அனுமதிச் சீட்டு வேண்டும், காரணம் காட்ட வேண்டும். அங்கே இப்போது சொந்தச் சபை இருக்கிறது, சொந்த ஆயர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூப்பிட்டால் போகலாம். போன பிறகு ஒரு வருடம் பிரசங்கம் செய்யாமல் இருக்க முடியுமா என்று மகனைக் கேளுங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு உங்கள் மகன் வயதுதான், 24-கூட நிறையவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் ‘அ’ எழுதிப் பழகினார். அப்படி மணலில் உட்கார முடியும் என்றால், பெட்டி கட்டும் நாளில் நானே வந்து ஊறுகாய் ஜாடி தருகிறேன்.

கேள்வி: அந்தத் தீவுகளுக்கு நம் பக்கத்திலிருந்து முன்பு யாராவது போனதுண்டா?
(வாசகர், முத்தியால்பேட்டை)

நிறைய உண்டு. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் இந்த நிக்கோபார்தான். தேன் நிறைந்த சோலைகள் உள்ள ஊர் என்று பாடியிருக்கிறார்கள். படையெடுத்துப் போனவர்களை விடுங்கள், தங்கப் போனவர்களைச் சொல்கிறேன்.

1711-ல் ஃபோர், போனே என்ற இரண்டு பிரெஞ்சு யேசுசபைப் பாதிரிமார்கள் இறங்கினார்கள். சில வருடங்களிலேயே கொல்லப்பட்டார்கள். 1756-ல் தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் குடியேற்றம் வைக்கப் போனார்கள், காய்ச்சல் அவர்களைத் தின்றது. பிறகு மொரேவியன் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவ மிஷன் குழுவினர். இவர்கள் 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுக்கொண்டு இருந்தவர்கள். தச்சு, தையல் என்று ஆளுக்கு ஒரு தொழில் தெரிந்த எளிய மனிதர்கள். 1768-ல் நிக்கோபாரின் நன்கவுரித் தீவில் போய்க் குடிசை போட்டார்கள். கப்பல் வந்தால்தான் அரிசி. வராத மாதங்களில் கிடைத்ததைத் தின்றார்கள். சிப்பி, பாம்பு என்று பிடித்துப் பதப்படுத்தித் தரங்கம்பாடிக்கு அனுப்பி அதில் வந்த காசில் ஓட்டினார்கள். 19 வருடத்தில் அங்கேயே 11 பேரும், காய்ச்சலோடு திரும்பிவந்து 13 பேரும் மாண்டார்கள். ஹென்சல் என்பவர் அங்கே 1779-ல் போய்ச் சேர்ந்தவர். மூடுவிழா நடத்தும் பொறுப்பு 1787-ல் அவர் தலையில் விழுந்தது. தீவுக்காரர்களின் மொழி சரியாகப் பிடிபடாததுதான் தங்கள் பெரிய குறை என்று அவரே பின்னாளில் கடிதமாக எழுதினார். அங்கே போட்ட கல்லறைகளை விட்டுவிட்டுக் கப்பல் ஏற அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இவர்களையெல்லாம்விட என் மனசில் இருப்பவர் வேதப்பன் சாலமன். பெயரே சொல்லும், நம் சென்னை மாகாணத்து ஆள். உபதேசியார், அதாவது சபையில் வேதம் சொல்லிக்கொடுப்பவர். 1890-களில் கார் நிக்கோபாரின் மூஸ் ஊருக்குப் போனார். அரசாங்க ஏஜென்ட் வேலையும் அவர்தான், பள்ளிக்கூட வாத்தியாரும் அவர்தான், மருந்து கொடுத்தவரும் அவர்தான். தினம் ராத்திரி நாட்குறிப்பு எழுதினார். எந்த வீட்டில் சாவு, எந்த ஊரில் விருந்து, யார் யாரோடு சண்டை, எப்போது எந்தச் சடங்கு என்று எல்லாம். அதிலிருந்து சில பகுதிகள் 1902-ல் லண்டன் மானிடவியல் கழகத்தின் பத்திரிகையில் அச்சாயின. தன்னைப் பற்றி எழுதுவதைவிட அவர்களைப் பற்றி எழுதிய மனிதர்.

அவர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த தீவுப் பையன்களில் ஒருவன் ஹா செவ் கா. பர்மாவில் மாந்தளைக்குப் படிக்கப் போய், ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரோடு ஊர் திரும்பினான். புதிய ஏற்பாட்டைத் தன் மொழியில் கொண்டுவந்தது இவர். ஜப்பான்காரன் பிடித்திருந்த 1942 முதல் 1945 வரை தீவு பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒற்றர்கள் என்று சொல்லி எத்தனையோ பேரைக் கொன்றார்கள். மரண தண்டனைக்குக் காத்திருந்த ரிச்சர்ட்சன் போர் முடிந்ததால் பிழைத்தார். ஆயராகவும் இருந்தவர். 1952-ல் முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபாருக்கு நியமன உறுப்பினர், 1975-ல் பத்மபூஷண். 1978-ல் காலமானார். நான் போய்ச் சேர்ந்தது அடுத்த வருடம். அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. தீவுக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று பையன்கள் பெருமையாகச் சொல்வார்கள். சாயங்காலம் ஆனால் ஊருக்கு ஊர் ஆட்டம் நடக்கும். மறுநாள் காலையில் வீங்கின முழங்காலோடு என்னிடம் வரிசையில் நிற்பார்கள்.

அந்தத் தீவை மாற்றியவன் அந்தத் தீவின் பிள்ளை. சாலமன் செய்தது அந்தப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. நெல்லிக்குப்பம் அம்மாவின் மகன் இந்தப் பதிலையும் படிக்க வேண்டும்.

கேள்வி: மிஷனரிகள் போனதால் அந்த மக்களின் பண்பாடு அழிந்துவிடவில்லையா? இதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?
(கல்லூரி மாணவர், திருப்பாதிரிப்புலியூர்)

ஒரு பகுதி அழிந்தது, ஒப்புக்கொள்கிறேன். பேய்களை விரட்ட வீட்டில் வைத்திருந்த மர உருவங்கள், மந்திரக்காரரின் பாட்டுகள், இப்படிப் பல விஷயங்களைக் கார் நிக்கோபாரில் நான் கிழவர்கள் வாயில்தான் கேட்டேன். அந்தப் பாட்டுகளை யாராவது முன்பே உட்கார்ந்து எழுதியிருக்கக்கூடாதா என்று இருக்கும்.

ஆனால் தம்பி, இன்னொன்றும் இருந்தது. ஒருவனைப் பேய் பிடித்தவன் என்று ஊர் முடிவு செய்தால், எல்லாருமாகச் சேர்ந்து அவனைக் கொன்றுவிடுவார்கள். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் இது இருக்கிறது. அது நின்றதற்காக நான் வருத்தப்பட முடியாது.

இன்னும் நிற்பவையும் உண்டு. துஹெட் என்ற கூட்டுக்குடும்பம், நிலமும் தென்னையும் அதற்குத்தான் சொந்தம், தனி ஆளுக்கு இல்லை. ஊருக்கு மூன்று கேப்டன்கள், அதாவது ஊர்த் தலைவர்கள், முதல் கேப்டன் சொன்னால் மறுபேச்சு இல்லை. தேங்காய் போட்டு வளர்க்கும் பன்றி, அந்தப் பன்றியை வைத்து நடக்கும் பெருவிருந்து. ஞாயிறு காலையில் கோயிலில் நான்கு குரலில் பாடுகிற அதே ஆட்கள், ராத்திரி முழுக்கக் கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பெரும்பாலும் அவர்களே முடிவு செய்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெளியிலிருந்து யாரும் முடிவு செய்துகொடுக்கக்கூடாது, அது பாதிரியாராக இருந்தாலும் சரி, உங்களைப் போலப் படித்தவராக இருந்தாலும் சரி.

கேள்வி: அங்கே நான்கு வருடம் என்ன சாப்பிட்டீர்கள்?
(வாசகி, அரியாங்குப்பம்)

உங்கள் ஊர் முகத்துவாரத்தில் வளர்கிறதே தாழை, அதன் இனத்துப் பழம்தான். நாம் பூவை மட்டும் பறித்துத் தலையில் வைத்துக்கொள்கிறோம். அவர்கள் மரத்தில் காய்க்கும் அந்தப் பெரிய பழத்தை மணிக்கணக்காக வேகவைத்து, சுளையைச் சுரண்டி, நார் எடுத்து, களி மாதிரிப் பிசைந்து வைப்பார்கள். கொஞ்சம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொஞ்சம் பலாச்சுளை மாதிரி இருக்கும். நார் எடுப்பதுதான் பெரிய வேலை, பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே செய்வார்கள். அதோடு தேங்காய்ப்பால், மீன், சேனை போன்ற கிழங்குகள். பன்றி இறைச்சி விருந்துக்கு மட்டும். ரேஷன் அரிசியும் பருப்பும் கப்பலில் வரும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் வராவிட்டால் ஊறுகாய் ஜாடிதான் எனக்கு அம்மா.

கேள்வி: சுனாமியில் எங்கள் ஊரில் என் அண்ணன் போய்விட்டார். அதே அலை அங்கேயும் அடித்தது என்று படித்தேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்ன ஆனார்கள்?
(வாசகர், தேவனாம்பட்டினம்)

தம்பி, 2004 டிசம்பர் 26 காலை நான் கடலூரில் டியூட்டியில் இருந்தேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தபோது அங்கே நின்றவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் அண்ணனும் அதில் இருந்திருக்கலாம். அன்றைக்கு என் கைகள் இங்கே வேலை செய்தன. நினைப்பு வரவே இரவாகிவிட்டது. நிலநடுக்கம் சுமத்ரா பக்கம் என்று ரேடியோவில் சொன்னதும் நெஞ்சு அடைத்தது. நமக்கு முன்னால் அவர்கள் இருக்கிறார்கள். தட்டைத் தீவு, ஏறி ஓட மேடு கிடையாது. நமக்காவது நிலம் ஆடியதற்கும் அலை வந்ததற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, அவர்களுக்கு அது நிமிடக் கணக்கு.

பல மாதம் ஒரு செய்தியும் இல்லை. மலாக்கா, காகனா போன்ற கரையோர ஊர்கள் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டன என்று பேப்பரில் படித்தேன். மரக்கால் நட்டுத் தேன்கூடு மாதிரி உருண்டையாகக் கூரை வேய்ந்த குடில்கள், நான் பிரசவம் பார்த்த குடில்கள், போய்விட்டன. மிஞ்சியவர்களைக் கரையிலிருந்து உள்ளே தள்ளி, முதலில் தகரக் கொட்டகையிலும் பிறகு அரசாங்கம் கட்டிய வீடுகளிலும் வைத்தார்கள்.

2006-ல் ஒரு கடிதம் வந்தது, இந்தியில், யாரோ எழுதிக்கொடுத்தது. என்னை முதல் நாள் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரை சேர்த்த பெண்ணின் மகள் அனுப்பியிருந்தாள். 1981-ல் நான்தான் அவளைக் கையில் ஏந்தினேன். அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாள், பெயர் இல்லாமல். ‘உங்களைத் தூக்கியவர் இப்போது இல்லை’ என்று. நானும் பதிலில் பெயர் எழுதவில்லை. உப்பு ஏறிய மண்ணில் தென்னங்கன்று நிற்கவில்லையாம், உள்ளே தள்ளி இருநூறு கன்று வைத்திருக்கிறார்களாம். காய்க்கும்வரை பன்றிக்குப் போட ஒன்றும் இல்லை, ரேஷன் அரிசியில் பாதி அதற்குத்தான் போகிறது என்று எழுதியிருந்தாள். கடைசியில் கேட்டிருந்தாள்: கடலூரில் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது, நீங்கள் எல்லாரும் சாப்பிடுகிறீர்களா?